டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர்

வாரத்தில் ஆறு நாள் திருவொற்றியூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போக வேண்டும், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாள் முழுக்க ஓட வேண்டும், அன்று சாயங்காலம் டோ வண்டி கூப்பிடாமல் அதே காரில் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். கையில் இருந்தது ஆறரை லட்சம். இந்தக் கணக்கோடு செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தேடி ஏழு மாதம் அலைந்தேன். அலைந்ததில் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் "மச்சி, எந்த வண்டி எடுக்கலாம்" என்று வாரத்துக்கு ஒருத்தன் போன் பண்ணுகிறான்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கதவு, தரையோடு ஒட்டின உடம்பு, பின்சக்கரத்துக்கு சக்தி, இதெல்லாம் இருக்கிற வண்டி இந்த விலைக்கு நம் ஊரில் கிடையாது. யூடியூபில் வெள்ளைக்காரன் ஒவ்வொருத்தனும் மாஸ்டா மியாட்டா வாங்கு என்பான், அந்த வண்டியை இந்தியாவில் விற்றதே இல்லை. நமக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கொஞ்சம் கோபமான ஹேட்ச்பேக், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்கும் மேல் ஒரு நிபந்தனை இருந்தது: அம்மாவுக்கு முட்டிவலி, தாழ்வான சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

ரேஸ் பைத்தியம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்ஜின் சத்தம் தாலாட்டு மாதிரி. எண்ணூரில் லேலண்ட் லாரி ஃபேக்டரி, திருவொற்றியூரில் என்ஃபீல்டு பைக் ஃபேக்டரி, பக்கத்திலேயே எம்.ஆர்.எஃப். டயர் ஃபேக்டரி. அப்பா எண்ணூரில் ஃபிட்டராக இருந்தார். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், ஷிஃப்ட் முடித்துவிட்டு நண்பர்களோடு சைக்கிளிலேயே போய்ப் பார்த்தவர். விஜய் மல்லையா எஃப்1 வண்டி ஓட்டினதைப் பார்த்த கதையை இன்றைக்கும் பண்டிகைக்குப் பண்டிகை சொல்வார், ஒவ்வொரு வருஷமும் அந்த வண்டியின் வேகம் பத்து கிலோமீட்டர் கூடும். 1990ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டருக்குத் தனி டிராக் திறந்த பிறகு, ரேஸ் நமக்கு ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. இப்போது நான் டிராக்குக்குப் போகிற வழி செங்குன்றம் தாண்டி வெளிவட்டச் சாலை ஏறி நசரத்பேட்டையில் இறங்குவது, அதாவது பழைய டிராக்குக்குப் பக்கமாகப் போய்த்தான் புது டிராக்குக்குப் போகிறேன்.

சரி, வண்டிக்கு வருவோம். எந்த மாடல் என்று யோசிப்பதற்கு முன்னால் நான் தினமும் போகிற ரோட்டை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். எம்.எஃப்.எல். சந்திப்பு, மணலி, மாதவரம், ரெட்டேரி, பாடி. வழி முழுக்க கன்டெய்னர் டிரெய்லர். ஒரு டிரெய்லர் திரும்புகிறதென்றால் அரை கிலோமீட்டருக்கு எல்லோரும் முதல் கியர், கிளட்ச், முதல் கியர், கிளட்ச். டிரெய்லர் சக்கரம் தோண்டின பள்ளம், அதற்கு மேல் மழைநீர், அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கடவுளுக்கே தெரியாது. ஆகவே கிளட்ச் லேசாக இருக்க வேண்டும், தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி வேண்டும், டயரின் பக்கச்சுவர் ரொம்ப ஒல்லியாக இருக்கக்கூடாது. டிராக்குக்கு நல்லது எதுவோ அது இந்த ரோட்டுக்குக் கெட்டது. இரண்டுக்கும் நடுவில் தேட வேண்டியிருந்தது.

மனசில் முதலில் வந்தது ஹோண்டா சிட்டி விடெக், அந்தப் பழைய 1.5 லிட்டர், 106 குதிரை சக்தி. கல்லூரி நாளில் ஒருமுறை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனதிலிருந்து அந்த இன்ஜின் மேலே ஏறுகிற சத்தம் காதிலேயே இருக்கிறது. ஆனால் 2000, 2001 வண்டி என்றால் இருபது வயசுக்கு மேல் ஆகிவிட்டது. பதினைந்து வருஷப் பதிவு முடிந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டுகிற வண்டி, ரப்பர் புஷ் எல்லாம் பிஸ்கட் மாதிரி உதிர்கிற வயசு. வீட்டில் இன்னொரு கார் இருப்பவர்கள் வாங்கலாம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு கேட்டில் நிற்க வேண்டியவன் வாங்கக்கூடாது. ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ் ஸ்டியரிங்குக்காகவே மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன், அந்த முன்பக்கம் கையோடு பேசும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, இன்னும் பாகம் கிடைக்கிறது, ஆனால் வாரத்துக்கு ஒன்று தேடி புதுப்பேட்டையில் அலைய எனக்குத் தெம்பில்லை. அபார்த் புன்டோ 145 குதிரை சக்தி, நான்கு சக்கரத்திலும் டிஸ்க், பார்த்தாலே பசி தீரும். அதைப் பராமரிக்க மனசும் பணமும் தனியாக வேண்டும், ரெட்டேரி டிராஃபிக்கில் இரண்டு தரம் ஓட்டிவிட்டு சாவியைக் கொடுத்துவிட்டேன். டாடா டியாகோ ஜே.டி.பி. நம் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் கை வைத்த வண்டி, 114 பி.எஸ். (குதிரை சக்தி மாதிரியான இன்னொரு அளவு), 2018ல் வந்து 2020ல் நின்றுவிட்டது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். நல்ல நிலையில் ஒன்று கூடக் கண்ணில் படவில்லை.

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. பற்றி எழுதாமல் விட்டால் அடிப்பார்கள். பழைய 1.2 டி.எஸ்.ஐ. டர்போ பெட்ரோல் இன்ஜினில் 105 பி.எஸ்., டி.எஸ்.ஜி. என்கிற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான், மேனுவல் கிடையாது. அந்த கியர்பாக்ஸில் இருப்பது உலர் கிளட்ச், எண்ணெயில் மூழ்கி இருக்காது, நகர்ந்து நகர்ந்து நிற்கிற டிராஃபிக்கில் சூடாகும். என் ரோடு முழுக்க அதுதான். 2020க்குப் பிறகு வந்த 1.0 டி.எஸ்.ஐ. ஆறு கியர் மேனுவல், 110 பி.எஸ்., இதுதான் சரியான வண்டி என்று இப்போதும் சொல்வேன், பட்ஜெட் ஒன்றரை லட்சம் கூட இருந்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். 2022ல் போலோவையே நிறுத்தியதும் விற்கிறவர்கள் எல்லோரும் பழம்பொருள் வியாபாரி மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இதற்கு நடுவில்தான் கொளத்தூர் பக்கம் ஒரு வண்டி. புரோக்கர் போனில் சொன்ன முதல் வரி, "டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர்." சென்னையில் விற்கிற செகண்ட் ஹேண்ட் கார் எல்லாமே டாக்டர் ஓட்டினதுதான், இவ்வளவு டாக்டர் இருக்கிற ஊரில் ஆஸ்பத்திரியில் ஏன் இவ்வளவு நேரம் உட்கார வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. போய்ப் பார்த்தால் வண்டி பளபள. பெயிண்ட் சுத்தம், இன்ஜின் சுத்தம், கண்ணாடியில் தொங்குகிற மல்லிகை சென்ட் மட்டும் மூக்கைத் துளைத்தது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜின் பக்கமே போகவில்லை. பின் கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார், பெல்ட் இனி வராது என்கிற வரைக்கும். நாம் மாட்டுகிற அளவு வரைக்கும் கறுப்பாக, துவைத்த துணி மாதிரி இருந்தது. அதற்கு அப்புறம், உள்ளே சுருண்டு கிடந்த கடைசி முழத்தில், ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப்புறம் சேறு காய்ந்த நிறம். பெல்ட்டை விட்டுவிட்டு டிக்கிக்கு வந்தார், ஸ்டெப்னியைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் நகத்தால் சுரண்டினார், நகத்துக்குள் சாம்பல் நிற வண்டல். சீட்டுக்கு அடியில் இருந்த வயர் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார், செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் வருமே, அந்தப் பச்சை.

"வாட்டர் வாஷ் பண்ணோம் சார், அதுல தண்ணி உள்ள போயிருக்கும்" என்றார் புரோக்கர்.

"வாட்டர் வாஷ்ல சேறு எங்க இருந்துணா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அண்ணன் டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், இந்த இரண்டு தண்ணீரிலும் எவ்வளவு கார் நின்றது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் பல வண்டிகள் கைமாறி, துடைத்து, சென்ட் அடித்துத் திரும்பி வருகின்றன. தண்ணீர் குடித்த வண்டி உடனே மக்கர் பண்ணாது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ஏர்பேக் லைட் எரியும், அப்புறம் பவர் விண்டோ, அப்புறம் ஒரு மழைநாளில் ரெட்டேரி சந்திப்பில் மொத்தமாக நின்றுவிடும். இதில் டிராக்குக்கு வேறு கொண்டுபோவதென்றால் உயிரோடு விளையாட்டு. பெல்ட்டை இழுக்க அரை நிமிஷம் ஆகும், எந்த புரோக்கரும் தடுக்க முடியாது, இழுத்துப் பாருங்கள்.

நம் பக்கத்து வண்டி என்றால் இன்னொரு தலைவலி உப்புக்காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் தெருவில் நின்ற வண்டிக்கு கதவின் அடி மடிப்பு, சக்கர வளைவின் உள்பக்கம், ஜாக்கி வைக்கிற இடம் எல்லாம் அரித்திருக்கும். மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் தெரியாது, விரலால் தட்டினால் சத்தம் மாறும். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது விளிம்பு நசுங்கினால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானே ஒரு ராத்திரி பாலிசி காகிதத்தைப் புரட்டும்போது பிடித்தது. ஓனரிடம் இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள், இந்த வருஷத்தது மட்டும் இல்லை, முந்தைய மூன்று நான்கு வருஷத்தது. அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு சதவீதம் இருக்கும். கிளெய்ம் பண்ணாமல் ஓட்டினால் 20, 25, 35, 45, 50 என்று வருஷா வருஷம் ஏறும். நடுவில் ஒரு வருஷம் அது பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தின வருஷம் ஏதோ நடந்திருக்கிறது. "ஒரு கீறல் கூட இல்ல தம்பி" என்று சத்தியம் பண்ணின ஒரு பெரியவரிடம் 45லிருந்து பூஜ்யத்துக்கு விழுந்த காகிதத்தை நீட்டினேன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பையன் எடுத்துட்டுப் போனான்" என்றார். இன்னொன்று, அந்த போனஸ் வண்டிக்குச் சேராது, ஓனருக்குத்தான் சேரும், அதைக் காட்டி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள்.

மாற்றங்கள் செய்த வண்டியை நான் தொடவே இல்லை. இன்ஜின் சக்தியைக் கூட்டுகிற ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 டியூனிங், பட்டாசு வெடிக்கிற சைலன்சர், வெட்டின ஸ்பிரிங், இதில் செலவு பண்ணினவர் அந்தக் காசை நம்மிடமே வாங்கப் பார்ப்பார், ஓட்டினதெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டில். அப்படி ஓட்டுவது ரேஸ் இல்லை, பிளாட்பாரத்தில் தூங்குகிறவன் மேல் சூதாடுவது. ஒரு வண்டியில் ஸ்கேனர் மாட்டினபோது பிழை ஒன்றும் இல்லை என்று காட்டியது, ஆனால் இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவின் சுயபரிசோதனைகள் ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை. அதாவது நாங்கள் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் யாரோ எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள். நான் தேடினது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற, கொஞ்சம் அலுப்பான மனிதர் ஓட்டின வண்டி.

கிடைத்தது பெரம்பூரில். பலீனோ ஆர்.எஸ்., 2018 வண்டி. சிரிக்காதீர்கள். 998 சிசி, மூன்று சிலிண்டர் பூஸ்டர்ஜெட் டர்போ, 102 பி.எஸ்., 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எடை 950 கிலோ, பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். டிராக்கில் எடைதான் எல்லாம், ஒவ்வொரு வளைவிலும் பிரேக், டயர் இரண்டும் அந்த எடையைத்தான் சுமக்கின்றன, நேர்ச்சாலையில் மட்டும்தான் குதிரை சக்தி. மாருதி என்பதால் ஃபில்டர், புஷ், லிங்க் ராடு எதற்கும் தெருமுனைக் கடை போதும். டர்போ பக்கத்து சாமான்களும் ஆர்.எஸ்.ஸுக்கே உரிய முன் பம்பரும் அப்படிக் கிடைக்காது, அதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். ஓனர் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். பெட்ரோல் போட்ட தேதி, கிலோமீட்டர், தொகை எல்லாம் ஒரு நோட்டில், அதுவும் ஸ்கேல் போட்டு. டாக்டரே இல்லை என்பதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. காலையில் ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போனதும் பானட்டில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் பண்ணினதும் புகை இல்லை, ஆயில் மூடிக்கு அடியில் பால் நிறத்தில் ஒன்றும் ஒட்டவில்லை, குளிர்ந்த நிலையிலேயே இரண்டாவது கியர் முரண்டு பிடிக்காமல் விழுந்தது. ஐந்தே கால் லட்சத்துக்கு முடிந்தது. வங்கி கடன் அடைத்திருந்தும் ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி வங்கியிடம் அடமானம் என்கிற பதிவு, நீக்காமல் இருந்தது, அதை நீக்கின பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தேன். இதில் மட்டும் சொந்தக்காரராக இருந்தாலும் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

மிச்சம் ஒன்றேகால் லட்சம். அது பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் போக, பெரும்பகுதி டயருக்கும் பிரேக்குக்கும். இதை முன்கூட்டியே ஒதுக்காமல் ஆறரை லட்சத்துக்கும் வண்டி வாங்கியிருந்தால் அது டிராக் பக்கம் போயிருக்காது. இன்னொன்று, சாதாரண மோட்டார் பாலிசியில் எதற்கெல்லாம் பொருந்தாது என்று ஒரு வரி இருக்கும், அதில் ஏற்பாடு செய்த ரேஸ், வேகச் சோதனை எல்லாம் வரும். டிராக்கில் சுவரில் சாத்தினால் நம் காசு. அந்த ஐந்தே கால் லட்சத்தை மொத்தமாகத் தொலைத்தாலும் வீடு நடக்குமா என்று கேட்டுக்கொண்டுதான் டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டும். நான் இரண்டு ராத்திரி கேட்டுக்கொண்டேன்.

முதல் டிராக் நாள். ஹெல்மெட் போட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி, டேஷ்போர்டு பிள்ளையார் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஏறினேன். பிரேக் பேட் மாற்றியிருந்தேன். பிரேக் ஆயில் பார்க்கத் தெளிவாகத்தானே இருக்கிறது என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். முதல் இரண்டு சுற்று சொர்க்கம். மூன்றாவது சுற்றில் பெடல் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. நான்காவதில், பிரேக் பிடிக்க வேண்டிய பலகையைத் தாண்டும்போது மிதிக்கிறேன், காலுக்கு அடியில் நனைந்த பஞ்சு மாதிரி, பாதி தூரத்துக்கு ஒன்றுமே இல்லை. இரண்டாவது முறை வேகமாக அமுக்கினதும்தான் பிடித்தது, அதற்குள் வளைவின் வெளி விளிம்புக் கல் கடகடவென்று அடியில் ஓடி, ஒரு சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது. டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்துகிற பிட்டுக்கு வந்து நின்றபோது முன் சக்கரத்திலிருந்து கருகின வாசனை, என் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதுவும் கடலோரக் காற்று. டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155. கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி, குமிழி அமுங்கும், பெடல் இறங்கும், வண்டி நிற்காது. ஆபீஸுக்குப் போகிற ரோட்டில் அந்தச் சூடு ஒருநாளும் வராது, அதனால்தான் ஓட்டிப் பார்க்கும்போது தெரியவில்லை. சில நூறு ரூபாய் சாமான். அன்று மத்தியானம் பக்கத்து பிட்டில் இருந்த ஒரு பையன் புது டின் ஒன்று கொடுத்தான், காசு வாங்க மாட்டேன் என்றான், நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து ஊற்றினதற்கு அப்புறம் ஒவ்வொரு நான்கு சுற்றுக்கும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டு, சாயங்காலம் வரை தாங்கியது.

திரும்பி வரும்போது ஏசி போட்டு, பாட்டு போட்டு, எழுபதில் வந்தேன். செங்குன்றத்தில் அம்மாவுக்குப் பழம் வாங்கினேன். மறுநாள் எட்டு மணிக்கு எம்.எஃப்.எல். சந்திப்பில் டிரெய்லருக்குப் பின்னால் முதல் கியரில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா மட்டும் திங்கட்கிழமை சாயங்காலம் குனிந்து முன்பக்க இடது டயரின் வெளி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அந்த ஓரம் மட்டும் எலி கடித்த மாதிரி பிய்ந்திருந்தது. "இப்படியே நாலு தடவை போனா டயர் காலி," என்றார். சக்கரத்தை மாற்றிப் போடவும் அலைன்மென்ட் பார்க்கவும் இந்த ஞாயிறு மெக்கானிக் அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அப்பாவும் வருகிறாராம், அடுத்த டிராக் நாளுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டார்.